புதுப் பிளேயருக்கு ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஆரம்பித்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பிய மகள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எம்பி3 பிளேயரின் பொத்தானை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. பிளேயரை என் கையில் திணித்துவிட்டு, காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இருபத்தொரு வயது. சின்ன வயதிலிருந்தே ஹாரன், கூட்டம், கூச்சல் எதையும் தாங்கமாட்டாள். காதில் பாட்டு ஓடினால்தான் வாசல் தாண்டுவாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்ததிலிருந்து நான்தான் பஸ்ஸில் கூடப் போய் வந்தேன். அன்றுதான் முதன்முதலாகத் தனியாகப் போவதாக இருந்தது.

பூஜையன்று வீட்டுக்காரரின் ஸ்பேனர், ஸ்கூட்டர், மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, மகளை நடமாட வைக்கும் பிளேயருக்கும் தாராளமாக வைத்திருந்தேன். ஒயர் செருகும் ஓட்டைக்கு நேர் மேலே. சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்திருந்தது. ஊக்கால் குத்தி எடுக்கப் பார்த்தேன். உள்ளே ஏதோ உடைந்தது.

"பூஜ போடச் சொன்னா, அதோட காத அடைச்சி வெச்சிருக்க," என்றார் வீட்டுக்காரர். சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

போன் உதவாது. கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிளேயருக்கு மட்டும்தான் மேனேஜரிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தோம். அன்றைக்குப் போனில் லீவு சொன்னபோது சூப்பர்வைசர், "திங்கக்கெழம வரலன்னா வேற ஆளு போட்டுருவாங்கம்மா," என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

"இத இப்ப யாரு கேக்கறாங்கக்கா? போன் இருக்குதில்ல?"

"போன் வேணாம்பா. பாட்டு மட்டும் வரணும். அமுக்கப் பொத்தான் இருக்கணும்."

கடைசிக் கடைக்காரர் உள்ளே திரும்பிக் கன்னடத்தில் ஏதோ கத்தினார். தூசியோடு ஒரு டப்பா வந்தது. பழையதிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி இதில் போட்டார். அவளுடைய பாட்டு அப்படியே வந்தது. கடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டில் மகள் அதைத் தொடவே இல்லை. பழையது நீலம், இது கறுப்பு. "இது வேற," என்றாள். சனியும் ஞாயிறும் அது மேசையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை காலை, சாமி அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை அவளே எடுத்து வந்தாள். புதுப் பிளேயரைக் கவிழ்த்து, முதுகில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். "ஓட்டயில வெக்காத," என்று எனக்கு ஒரு அதட்டல். ஒயரை மாட்டிக்கொண்டாள். பஸ் வந்ததும் ஏறினாள். நான் ஏறவில்லை.

அன்று பகலெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் முன்னதாகவே போய் ஸ்டாப்பில் நின்றேன். வந்த பஸ்களில் எல்லாம் யார் யாரோ இறங்கினார்கள்.

பிறகு அவள் இறங்கினாள். லாரிகள் அலறிக்கொண்டு போக, பாட்டுக்குத் தலையை ஆட்டியபடி நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"நீ ஏம்மா வந்த? எனக்கு வழி தெரியும். நாளைக்கு வராத."