குழி விழுந்த நீலம்

தன் கையை மட்டுமே நம்பிய ஒருவருக்கு, காரியத்தைக் கெடுப்பது அந்தக் கைதான் என்பது எப்படித் தெரியவரும்? எதைச் சந்தேகித்தாலும் அதைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்தவர் அவர். தொடுகிற கையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

வடிவமைப்புக் கல்லூரியின் பட்டறையில் அவர் மாதிரி செய்யக் கற்றுக்கொடுத்தார். நாளை தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வரப்போகும் தேய்ப்புப் பெட்டியோ மின்விசிறியோ முதலில் அங்கே நுரைக்கட்டையில் உருவாகும். அறுத்து, அரத்தால் ராவி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்துக் கடைசியில் பெயிண்ட் அடித்தால், உள்ளே இருப்பது வெறும் நுரை என்று யாரும் நம்பமாட்டார்கள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் உப்புத்தாள் மேடம். வாயும் அந்த ரகம்தான். ஒருமுறை ஒரு மாணவனின் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இது ரேடியோவா, எலி கடிச்சுப் போட்ட சோப்பா?” என்று கேட்டார். நல்ல ஆசிரியர் என்று அவரைச் சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது யாருக்கும் மறந்ததில்லை.

பெயிண்ட் அடிக்கும் முன் எல்லா மாதிரியும் அவர் கைக்கு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெறும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் மேடும் அங்கே பிடிபடும். பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். “போகலாம்” என்று அவர் சொன்ன பிறகே ஸ்ப்ரே கன்னைத் தொடலாம்.

தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் தின்னரில் துடைப்பதுமாக இருந்ததில் அவர் கை வெடித்துப்போயிருந்தது. ஒரு மாலை வீட்டில் குழாயைத் திருகியபோது பிடியில் ரத்தம் ஒட்டியது. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் டிக்கெட் பரிசோதகரான அவர், நாள் முழுக்க ஊராரிடம் பேசிவிட்டு வீட்டில் வாய் திறக்காதவர். பல வருடங்களாக இருவருக்கும் நடுவே கேஸ் தீர்ந்தது, சாவி எங்கே என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. மறுநாள் அவர் மருந்துக்கடையிலிருந்து ஒரு களிம்பு வாங்கி வந்தார். “கையக் கொடு” என்றார். விரல் விரலாகத் தேய்த்துவிட்டார். அதன்பிறகு தினமும் மாலையில் அது நடந்தது. காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது மேடமே கொஞ்சம் தடவிக்கொள்வார்.

சில நாட்களில் பட்டறையில் குழி விழ ஆரம்பித்தது. அடித்த பெயிண்ட் பரவாமல் அங்கங்கே விலகி, ஊசி குத்தியதுபோல் வட்ட வட்டமாகக் குழிந்தது. ஏதோ எண்ணெய்ப் பசை இருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்தது. எங்கிருந்து என்பதுதான் புரியவில்லை. கம்ப்ரசரின் வடிகட்டியை மாற்றினார். ஸ்ப்ரே அறையைச் சுவரோடு கழுவச் சொன்னார். பெயிண்டை வேறு கடையில் வாங்கினார். குழி விழுந்துகொண்டே இருந்தது. கடைசி ஆண்டு மாணவர்களின் மாதிரிகளைப் பார்க்க நடுவர்கள் வரும் நாள் நெருங்கியது.

அப்போது அவர் கண் சடையின் மேல் விழுந்தது. நீண்ட பின்னலுக்காக மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்ட மாணவி. கடைசி ஆண்டை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் தேறாவிட்டால் கல்லூரியில் இடமில்லை. குழந்தைகளுக்கு மூச்சு மருந்து கொடுக்கும் ஒரு சிறு கருவி அவளுடைய மாதிரி. கூழாங்கல் போன்ற வடிவம், அடர்நீலம். குழி அதிகம் விழுந்ததும் அதில்தான். அவள் தலைமுடி பளபளவென்று மின்னியதை மேடம் கவனித்தார்.

“உன் தலையில தடவுறதுதான் இந்த ரூம் பூரா பறக்குது. ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நீ வெளிய போகணும்.”

தினமும் தலைக்குச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவதாக அவள் எல்லோர் முன்னும் சொன்னாள். மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். எதற்கும் கிண்டல் அடிக்கும் பையன்கள்கூடக் குனிந்து உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப அடிக்கலாமா மேடம்?”

மேடம் கண்ணை மூடி அந்த மாதிரியை முழுக்கத் தடவிப் பார்த்தார். போகலாம் என்றார். அவள் அடித்தாள். குழி விழுந்தது.

ஒவ்வொரு முறையும் பெயிண்டைத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அப்படித் தேய்க்கும்போது அடியிலிருந்த பட்டியும் கொஞ்சம் போகும். கூர்மையாக இருந்த விளிம்பு மழுங்கிக்கொண்டே வந்தது.  சந்தேகம் கூடக் கூட மேடம் அதிகமாகத் தொட்டார். ஒருமுறை தடவிய இடத்தை இரண்டு முறை தடவினார். கை இன்னும் வெடித்தது. வீட்டில் கணவர் இன்னும் அதிகமாகக் களிம்பு எடுத்தார்.

நடுவர்கள் வருவதற்கு முந்தைய நாள், ஸ்ப்ரே அறையிலிருந்து மாதிரி ஒன்று கண்ணாடிபோல வெளியே வந்தது. ஒரு குழி இல்லை. காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்த ஒரு மாணவனுடையது அது.

“இதை என்ன பண்ணின? யார் யார் தொட்டாங்க?”

“யாரும் தொடலை மேடம். நீங்ககூட இன்னும் பாக்கலை. லேட் ஆயிடுச்சுன்னு நானே அடிச்சிட்டேன்.”

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரைமர் அடித்த ஒரு துண்டுப் பலகையை எடுத்துத் தன் வலது உள்ளங்கையை அதன் பாதியில் அழுத்தினார். சடையைக் கூப்பிட்டு, அதன் மேல் நீலம் அடிக்கச் சொன்னார். ஒரு பாதி வழுவழுப்பாக நின்றது. மறு பாதியில் ஐந்து விரலும் குழிகளாக எழுந்து வந்தன.

“நான்தான்,” என்றார். “என் கைக் களிம்பு.”

 அன்று மாலைக்குள் சடையின் மாதிரிக்குக் கடைசி முறையாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. மேடம் கதவுக்கு வெளியே நின்றார். நீலம் குறையில்லாமல் வந்தது. ஆனால் அதன் கீழே வடிவம் போய்விட்டிருந்தது. மறுநாள் நடுவர்களில் ஒருவர் அதைக் கையில் எடுத்து, விளிம்பில் தீர்மானம் இல்லை, உருகினாற்போல் இருக்கிறது என்றார். மேடம் எழுந்து, பிழை தன்னுடையது என்று நடந்ததை முழுக்கச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். எதிரே இருப்பதைத்தான் மதிப்பிட முடியும் என்றார்கள். சடை தேறவில்லை.

பொருட்களை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் பட்டறை வாசலில் நின்றாள். மேடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“முடி வளர்ந்துரும் மேடம்,” என்றாள் அவள். மாதிரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துறைத்தலைவர் அவரை அழைத்து, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். களிம்பை நிறுத்திவிட்டால் போதும், இல்லையென்றால் களிம்பில்லாத வேறு வைத்தியம் எத்தனையோ இருக்கிறது, பட்டறைக்கு உங்கள் கை வேண்டும் என்று சொன்னார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அத்தனை எளிதில் தீரக்கூடிய விஷயம்தான் அது.

மேடம் பட்டறையை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேட்டார். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உப்புத்தாளும் பட்டியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஏன் என்று துறைத்தலைவர் கேட்டார், சக ஆசிரியர்கள் கேட்டார்கள், தங்கை போனில் கேட்டாள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நடந்தது எதையும் வீட்டில் சொல்லவும் இல்லை. அன்று மாலை கணவர் வழக்கம்போல் டப்பாவைத் திறந்து, “கையக் கொடு” என்றபோது, இரண்டு கைகளையும் நீட்டினார்.