கேமராவுக்கு முன்னால் நாலு அடி

நான் வேலை செய்யும் வீட்டில் கூரை பேசும். வந்த புதிதில் ஒரு நாள் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலேயிருந்து ஒரு ஆண் குரல், "கஸ்தூரி, மெடிசின்" என்றது. கையிலிருந்த கத்தி விழுந்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் யாரும் இல்லை. கூரையின் மூலையில் கோழிமுட்டை அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது கேமரா என்றும், அதற்குள்ளேயே ஒலிபெருக்கி இருக்கிறது என்றும், இந்த வீட்டுக்காரர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போனில் எங்களைப் பார்க்கிறார் என்றும் பிறகுதான் தெரிந்தது. இது குவைத். அவருடைய தாயாரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோரும் அந்த அம்மாளை "யும்மா" என்று கூப்பிடுகிறார்கள். இவர்கள் பேச்சில் அம்மா என்று பொருள். யும்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிட்டு, எனக்கு ஏன் சோறு போடவில்லை என்று சண்டை போடுவார்.

ஹாலில் ஒரு கேமரா, யும்மா படுக்கிற அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. பெரிய பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் எதற்கும் அகப்படாது. அந்த இடத்தை நான் மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கால் கடுத்தால் அங்கே போய் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்துகொள்வேன். பசித்தால் ஒரு ரொட்டித் துண்டை அங்கே வைத்து விழுங்குவேன். கண் கலங்கினால் அங்கேதான் துடைத்துக்கொள்வேன். வெளியே வரும்போது முகம் சரியாக இருக்கும். கேமரா இருக்கிற வீட்டில் வேலை செய்கிற எல்லோரிடமும் இப்படி ஒரு மூலை இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீடு ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். பத்தாவது வரை படித்தேன். அதன்பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் தைத்தேன். கணவர் இறந்த பிறகு, பிள்ளைகளும் இல்லாததால், அப்பாவோடு வந்து இருந்துவிட்டேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதே எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் இருபத்தெட்டு வருடம் இரும்பு உருக்கினவர். நான் தைத்த கம்பெனியை மூடினார்கள். நாற்பத்தேழு வயதில் எனக்கு வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. இங்கே வந்தேன். அவர் தனியாக நின்றுவிட்டார்.

நைனாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. கூப்பிட்டால், "நல்லாகீறேம்மா, துன்ட்டேன், வெச்சிடு" என்பார். மூன்று சொல்லும் முடியப் பத்து வினாடி ஆகாது. உடம்புக்கு முடியாமல் சொல்கிறாரா, உண்மையிலேயே சாப்பிட்டாரா, ஒன்றும் தெரியாது. போனை வைத்த பிறகு அந்தக் குரலையே மறுபடி மறுபடி காதுக்குள் கேட்டுப் பார்ப்பேன். இங்கே இந்த வீட்டுக்காரர் தன் தாயை எப்படிக் கண்ணெதிரே வைத்திருக்கிறார், நமக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. பக்கத்து வீட்டு மும்தாஜிடம் சொன்னேன். பூந்தமல்லியிலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள், என்னை அக்கா என்பாள். ஆவடி மார்க்கெட்டில் மொபைல் கடை வைத்திருப்பவரைக் கூட்டிவந்து, டிவிக்கு மேலே கேமராவை மாட்ட வைத்து, அவள் வீட்டு வைஃபையையே அதற்குக் கொடுத்தாள். திரும்பாத ரகம். மாட்டின திசையை மட்டும் காட்டும். ஹாலும், நைனாவின் நாற்காலியும், சமையல்கட்டு வாசலும் அதில் தெரிந்தன.

முதல் நாள் அதன் வழியாக நான் பேசினபோது நைனா எழுந்து நின்று கூரையைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா இது? ஊட்ல இன்னா கீது, திருடிகினு போறதுக்கு?"

"திருடனுக்கு இல்ல நைனா. உன்னப் பாக்கத்தான்."

"என்ன இன்னா பாக்கற? அதே மூஞ்சிதான்."

அப்படிச் சொன்னவர் மறுநாளே சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெயில் காலத்தில்கூட வெறும் உடம்போடு அந்த ஹாலுக்கு வரமாட்டார். தலை சீவியிருப்பார். எங்கள் ஊரில் எட்டரை மணி என்றால் இங்கே ஆறு. யும்மா எழுவதற்கு முன்னால் நான் போனைத் திறப்பேன். சமையல்கட்டு வாசலில் நைனா தெரிவார், நடந்து வருவார், உட்காருவார், தட்டை டீப்பாய்மேல் வைத்துச் சாப்பிடுவார். மும்தாஜ் ஏதாவது கிண்ணத்தில் எடுத்துவந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அக்கா இப்போ பாக்குதா?" என்பாள். "அது எப்பவும் பாத்துகினுதான் கீது. நீ உங்க மாமியாரப் பத்தி எதுனா பேசறதா இருந்தா வெளில போயி பேசு" என்பார் நைனா. நான் இங்கே சத்தமில்லாமல் சிரிப்பேன். கரண்ட் போனால் படம் நின்றுவிடும். வந்ததும் அவராகவே கேமரா முன்னால் வந்து, "கண்ணு, கரண்ட் வந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் தகப்பனை நானே கண்ணால் பார்க்கிறேன், இனி யார் சொல்லியும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சில நாள் சீக்கிரம் எழுந்துவிட்டால் யும்மாவும் அவரைப் பார்ப்பார். போனில் தெரிகிற மனிதர் எங்கேயோ வாசலில் உட்கார்ந்திருப்பதாக அவருக்கு எண்ணம். உள்ளே கூப்பிடு, டீ கொடு என்று கையால் காட்டுவார். "இந்தியா, யும்மா, இந்தியா" என்பேன். இந்தியா என்றால் அடுத்த அறை என்று நினைத்தாரோ என்னவோ, கதவு வரை போய் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் காலையில் நைனா நடந்து வந்து உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போனைச் சுட்டிக்காட்டி ஏதோ வேகமாகச் சொன்னார். பிறகு தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். முகம் சுருங்கியிருந்தது. அவருக்குத்தான் கால் வலிக்கிறது என்று நினைத்து எண்ணெய் எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் போனைக் காட்டினார். நான் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு இன்னும் நன்றாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் எதைச் சொல்ல வந்தோம் என்பதை மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருக்கும். மும்தாஜ் கூப்பிட்டாள். கேமரா வழியாக அல்ல, அவள் போனிலிருந்து.

"அக்கா, திட்டறதா இருந்தா திட்டிக்கோ. சொல்லக் கூடாதுன்னு நைனா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கால்ல புண்ணுக்கா. விரலெல்லாம் கருத்துப் போச்சு. ரூமுக்குள்ள போக முடியல, அவ்ளோ நாத்தம். ராத்திரியிலேருந்து ஜொரம்."

"நான் தெனமும் பாக்கறனே, மும்தாஜ். நல்லா நடந்து வராரே."

"அந்த நாலு அடிதான்க்கா நேரா நடப்பாரு. உள் ரூம்லேருந்து செவுத்தப் புடிச்சினு, கால இழுத்துகினுதான் வருவாரு. சமையக்கட்டு வாசப்படிகிட்ட நிப்பாரு. மூச்சு வாங்குவாரு. அப்புறம் பல்லக் கடிச்சினு உன் கேமரா முன்னால நாலு அடி. ஒக்காந்ததும் டீப்பாய இழுத்து கால மறைச்சுப்பாரு."

டீப்பாயைப் பார்த்திருந்தேன். தட்டு வைக்கத்தான் அவ்வளவு கிட்டே இழுத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். நைனாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஏதோ ஓடு குத்தியிருக்கிறது, வலி தெரியவில்லை, தெரிந்தபோது புரையோடிவிட்டது. சொன்னால் நான் வேலையை விட்டு ஓடிவருவேன் என்று மறைத்திருக்கிறார். அவர் மறைத்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு வருகிறவள் நான். கேமராவுக்கு எட்டாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? என் முதலாளி என்னைப் பார்த்து ஏமாறுவதுபோல நான் என் தகப்பனைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். ஞாபகமே இல்லாத ஒரு கிழவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. யும்மாவின் பாதத்தைத் தினமும் விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்கிறேன். அவருக்கும் சர்க்கரைதான். அது என் வேலை.

மும்தாஜும் அவள் கணவரும் ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு இருபது நாள் விடுப்பு கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். நான் உள்ளே போனபோது போர்வையை இழுத்துக் காலை மூடினார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"கோவமா கீறியா?" என்றார்.

"ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? அங்க ஒக்காந்துகினு அழுவ. நான் இங்க ஒக்காந்துகினு அழுவேன். ரெண்டு பேரு அழுவறதுக்கு ஒருத்தன் சொம்மா இருந்தா இன்னா?"

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, ஒரு நாள் மதியம் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கேமராவைக் கழற்றப் போனேன். அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அத்த கயட்டாத" என்றார் நைனா, ஹாலில் போட்டிருந்த கட்டிலிலிருந்து.

"இது எதுக்கு இன்னும்? பொய்யத்தான் காட்டுது."

"பொய்யோ நெசமோ, அது கீறதால தான் காலைல எய்ந்து சட்ட போடறேன். இல்லாங்காட்டி யாருக்காவ எய்ந்துக்கணும்?" என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் இன்னா? மும்தாஜு போன்ல மூஞ்சி காட்டி பேசும்போதெல்லாம் அதே பச்ச சோபா முன்னால நின்னுகினு சிரிக்கற. ஒரு வருஷமா அந்த ஒரு சோபாதான் பாக்கறேன். நீ படுக்கற எடத்த ஒரு நாளு காட்டுனியா?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன். கேமரா அங்கேயே இருக்கிறது. டீப்பாயை மட்டும் மும்தாஜ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் பழைய பெரிய போனை நைனாவுக்குக் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் முகம் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தேன். கட்டு மாற்றவும், பிடித்து நடத்தவும், சோறு போடவும், தெருக்கோடியிலிருந்து ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தேன். அவர் இரண்டு வேளையும் வந்து என் தகப்பனைப் பார்த்துக்கொள்கிறார். நான் இங்கே வந்து இன்னொருவரின் தாயைப் பார்த்துக்கொள்கிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. கிளம்புகிற அன்று, இனிமேல் ஒருவருக்கொருவர் உள்ளதை உள்ளபடி காட்டுவது என்று பேசிக்கொண்டோம். நைனா என் தலையில் கை வைத்து, "சரி" என்றார்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை. அன்று வீட்டுக்காரர் தாயோடு இருப்பார் என்பதால் மதியம் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. மாடியில் நான் படுக்கிற இடத்துக்குப் போய் நைனாவைக் கூப்பிட்டேன். முதலில் அவர் முகம் பாதி தெரிந்தது, பிறகு எங்கள் வீட்டு மின்விசிறி, பிறகு தரை. போனைக் கீழே பிடித்து முழங்காலைக் காட்டினார். கட்டு வெள்ளையாக இருந்தது. "பாத்துக்கோ. இவ்ளோதான்" என்றார். குரலில் கூச்சம் இருந்தது. நான் வெகுநேரம் பார்த்தேன். அவர் போனை நகர்த்தாமல் வைத்திருந்தார். கை வலித்திருக்கும்.

"இப்ப நீ" என்றார்.

போனைத் திருப்பினேன். துணி துவைக்கிற அறை அது. இரண்டு மெஷின், இஸ்திரி போடுகிற மேஜை, கூடையில் மடிக்காத துணி, மெஷினுக்கும் கதவுக்கும் நடுவே என் மெத்தை. மெத்தையின் கால்மாட்டில் நான் கொண்டுவந்த பெட்டி. ஒவ்வொன்றாக, மெதுவாகக் காட்டினேன். அங்கிருந்து அவர் மூச்சு கேட்டது. பிறகு அவர் தன் போனைத் தரையில் நாற்காலிக் கால்மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் என் போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு யும்மாவின் உடைகளுக்கு இஸ்திரி போட்டேன். போனில் எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை, அந்த டப்பாவின்மேல் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பாதம். பக்கத்தில் வாக்கரின் நாலு கால்.

"ஏம்மா" என்றார் அங்கிருந்து. "அந்த ரூமுக்குக் காத்து வருதா?"

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். நாலு பக்கமும் சுவர். இல்லாத ஜன்னலைக் காட்டும்படி அவர் கேட்கவில்லை.

"வருது நைனா" என்றேன். "நல்லா வருது."