வாகனம் வராத ரோடு

எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, சீனி வருத்தம் என்று டாக்டர் சொன்னபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். ஹட்டனில் ஒரு துணிக்கடையில், நாள் முழுக்க நின்றபடி துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. “நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க” என்றார் டாக்டர். முதல் பாதியோடு காதை மூடியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன் அபூர்வம். ஏற்றத்தில் நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும். இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிடும். சமதரை வேண்டுமென்றால் ஹட்டன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்தான் ஓட்ட வேண்டும். ஆனால் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த என் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, லீவில் வரும்போது இரண்டு பழைய ஜப்பான் சைக்கிள்களை ரயிலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

“கியர் இருக்கு மச்சான். மலை ஏறுறதே தெரியாது.”

எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் மெயின் ரோட்டில் போனோம். பின்னால் வந்த பிரைவேட் பஸ் ஹார்ன் அடித்த அடியில் நானும் சைக்கிளும் சாக்கடைக்குள் இருந்தோம். கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, “ஐயா, சாகுறதா இருந்தா வேற பஸ்ஸ பாருங்க, எங்களுக்கு டைம் இல்ல!” என்று கத்திக்கொண்டே போனான். அந்த பஸ்ஸையும் அதன் வம்சத்தையும் அன்று நான் சபித்த சாபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் அடுத்த முறை தேயிலைத் தோட்டத்துக் கிரவல் ரோட்டுக்குப் போனோம். மேல் டிவிஷனிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு தலவாக்கலைப் பக்கத்து மெயின் ரோட்டில் போய் இறங்கும் பாதை. கொழுந்து லொறியைத் தவிர ஒரு வாகனமும் வராது. சொர்க்கம்தான். ஆனால் சொர்க்கத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். நான் ஏற்றத்தில் மூச்சிரைக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு வரிசையே நிமிர்ந்து பார்த்தது.

“அடியேய், அண்ணே எதுக்குடி சைக்கிள தள்ளிக்கிட்டு போறாரு?”

“சைக்கிளுக்கு கால் வலியாம். ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறாரு.”

சிரிப்பு மலை முழுக்க உருண்டது. மச்சினனும் சேர்ந்து சிரித்தான். அன்றிரவே முடிவு செய்தேன்: இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு மலையில் வேலை இல்லை. லொறி இல்லை, கங்காணி இல்லை, அந்தப் பெண்களின் வாயும் இல்லை. என் வாழ்நாளில் எனக்கு வந்த யோசனைகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று நம்பினேன்.

ஞாயிறு காலை மனைவி வாசலில் நின்று, “எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. முழுசா கூட்டிட்டு வாங்க” என்றாள். முழுசாக வராமல் போகப் போவது நான்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

நினைத்தது போலவே மலையில் ஒரு ஈ, காக்கை இல்லை. ஏற்றம் முடிந்து பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் டர்பன்டைன் மரங்கள் வரிசையாக நிற்கும். மச்சினன் அதைக் கடந்து போய்விட்டான். நான் மரத்தடிக்கு வரவும், ஒரு பருந்து மேலே எதையோ கொத்திவிட்டுப் பறக்கவும் சரியாக இருந்தது. என்ன என்று அண்ணாந்து பார்த்தேன். குளவிக்கூடு.

குளவி கலைந்தால் ஓடக் கூடாது. முகத்தை மூடிக் குப்புறப் படுக்க வேண்டும். தோட்டத்து லய வீட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். நான் ஓடினேன். சைக்கிளை விட்டுவிட்டு, கைகளை வீசிக்கொண்டு, குளவிகளுக்கு வழிகாட்டுவதுபோல் கத்திக்கொண்டு ஓடினேன்.

மச்சினனுக்கு முன்னால் இறக்கம் திறந்து கிடந்தது. காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே தப்பியிருப்பான். அவன் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். “படுங்க மச்சான்! படுங்க!” என்று என்னைப் பிடித்துத் தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளி, தன் மழைக்கோட்டைக் கழற்றி என் தலையில் போட்டான். பிறகு பக்கத்தில் விழுந்தான். அவன் மேல் போட ஒன்றுமில்லை.

இரைச்சல் ஓய்ந்து நான் தலையைத் தூக்கியபோது எனக்குக் காதில் ஒன்று, முழங்கையில் ஒன்று. அவன் தலையும் கழுத்தும் எனக்குத் தெரிந்த தலையும் கழுத்துமாக இல்லை. கண்கள் வீங்கி மூடியிருந்தன. வாந்தி எடுத்தான். மூச்சு விசில் அடித்தது.

உதவிக்கு ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நான் ஆசைப்பட்டுத் தேடிப் பிடித்த ரோடு, நான் ஆசைப்பட்டபடியே வெறிச்சோடிக் கிடந்தது. போனை எடுத்து வானத்துக்குக் காட்டினேன். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. கத்தினேன். எதிர்மலை என் குரலையே எனக்குத் திருப்பி அனுப்பியது. பிறகு நான் செய்ததை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை: சைக்கிள் மணியை அடித்தேன். நடு மலையில் நின்று, அழுதுகொண்டு, கிணிங் கிணிங் என்று அடித்தேன். முனியாண்டி, மாரியம்மன், அந்தோனியார் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கும் லீவு.

“மச்சான்,” என்றான் அவன், வீங்கிய உதட்டால். “மணிய நிப்பாட்டுங்க. ஐஸ்கிரீம்காரன்னு நெனச்சிக்கப் போறாங்க.”

“யாருடா நெனைக்கிறது? யாரு இருக்கா இங்க?”

“அழுவாதீங்க. நான் செத்துட்டேன்னு எனக்கே பயமா இருக்கு.”

அதற்கு மேல் அவன் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் என்னைக் கிளப்பியது. என் சைக்கிளில் பின் சீட் இருந்தது. தூக்கி உட்கார வைத்தேன், சரிந்தான். மழைக்கோட்டை அவன் முதுகைச் சுற்றிப் போட்டு, அதன் இரண்டு கைகளையும் என் வயிற்றில் இழுத்து முடிச்சுப் போட்டேன். என் வயிற்றின் அளவுக்கு முடிச்சு விழுந்ததே தெய்வச் செயல்.

அதுவரை எந்த இறக்கத்தையும் நான் இறங்கி நின்று தள்ளாமல் கடந்ததில்லை. அன்று இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டேன். கிரவல் கற்கள் சைக்கிள் சில்லுக்கடியில் உருண்டன. வளைவில் தேயிலைச் செடிகள் முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் விலகின. நான் கத்தியது போதாதென்று பிரேக்கும் கத்தியது; பிறகு ரப்பர் தீய்ந்து பிரேக் கத்துவதை நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. நடுவில் தோட்டத்து டிஸ்பென்சரி வந்தது. கதவில் பூட்டு. அதைப் பார்த்து நிற்க நினைத்தாலும் நிற்க முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். என் முதுகில் அவன் மூச்சின் விசில் பட்டுக்கொண்டிருந்தது. சில இடங்களில் அது கேட்கவில்லை. “டேய், மூச்சு விடுடா! உங்க அக்கா என்னை கொன்னுருவாடா!” என்று கெஞ்சினேன். கேட்டது.

மெயின் ரோட்டுக்கு வந்து மதிலில் மோதித்தான் நின்றோம். முடிச்சை அவிழ்த்து அவனைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வளைவுக்கு அப்பால் ஹார்ன் கேட்டது. மண்டையைப் பிளக்கும் அதே பிரைவேட் பஸ் ஹார்ன். அதைவிட இனிமையான நாதஸ்வரத்தை நான் எந்தக் கலியாணத்திலும் கேட்டதில்லை.

பஸ் என் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது. கண்டக்டர் வாயைத் திறந்துகொண்டுதான் குதித்தான். “யோவ், ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு…” புல்லில் கிடந்தவனைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கினான். இருவருமாகத் தூக்கினோம். சிங்கள டிரைவர் பின்னால் திரும்பி, “நகின்ன, நகின்ன!” என்று எங்களை ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். நாங்கள் ஏறி முடிக்கும் முன்பே பஸ் புறப்பட்டுவிட்டது.

அதன் பிறகு ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. கைகாட்டியவர்கள் திட்டியது காதில் விழுந்தது. ஒரு வளைவில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“மெதுவாப் போகச் சொல்லுங்கய்யா, எல்லாரும் சாவப் போறோம்!” என்றார் ஒரு பெரியவர்.

“இன்னும் வேகமா போங்கண்ணே!” என்று கத்தினேன் நான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் வந்து, “இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா கஷ்டம்” என்றபோது மனைவி என் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குளவியே தேவலை என்றிருந்தது. சாயந்தரம் மச்சினன் ஒரு கண்ணைத் திறந்தான்.

“மச்சான், என் சைக்கிள்?”

“ரோட்டுலதான் கிடக்கு. பயப்படாத, அங்க யாரும் வர மாட்டாங்க.”

சொல்லிவிட்டு வெளியே போய் நெடுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை சைக்கிளைத் தேடி மலைக்குப் போனேன். நடந்துதான். தூரத்திலேயே சத்தம் கேட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். சைக்கிளை எடுத்துப் பாதை ஓரத்தில் சாத்தி, மேலே ஒரு சாக்கை வேறு போர்த்தி வைத்திருந்தார்கள்.

“என்னாண்ணே, பச்சப் புள்ளைய இப்புடி தனியா விட்டுட்டு போயிட்டீங்க? ராவெல்லாம் அழுதிருக்கும்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சைக்கிளைத் தொடாமல் அப்படியே நின்றேன்.

“இன்னும் சொல்லுங்க,” என்றேன்.

அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?