விளக்கு வைத்த பிறகு கேட்ட ஊசி

யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்ற வீம்பில்தான் அந்தப் பெட்டியைச் சேர்க்க ஆரம்பித்தேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் தகர ஜாமெட்ரி பாக்ஸ்தான். காம்பஸையும் அடிக்குச்சியையும் தூக்கிப் போட்டுவிட்டு அதில் என் பிழைப்புக்கு வேண்டியதை அடுக்கினேன். முதலில் வாங்கியது ஊசி.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை. விடியுமுன்னே கம்பெனி வேனில் ஏறி புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். வீடுகளில் ஒட்டி வைத்திருக்கும் காலித் தீப்பெட்டிகளை வாங்கி வருவேன். ஆறு வயதில் அம்மா போய், விடுதியில் வளர்ந்தவன். கல்யாணம் ஆகவில்லை. ஒரே சுவரைப் பங்குபோட்ட ஐந்து வீடுகள் கொண்ட காம்பவுண்டில் கடைசி வீடு எனக்கு. பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் ஒரு அக்கா. அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்க மாட்டார்.

குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் சட்டையின் மேல் பட்டன் தெறித்துவிட்டது. மறுநாள் முதலாளி வீட்டு விசேஷம், இருந்ததோ அந்த ஒரு வெள்ளைச் சட்டை. அக்கா அப்போதுதான் மாடத்தில் விளக்கை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று ஊசி கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“இப்ப வேண்டாம் தம்பி. காலைல வாங்க, தாரேன்.”

மிஷின் பக்கத்தில் ஊசிப் பொட்டலமே கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தனிக்கட்டை, வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் ஊசியைச் சாக்கு வைத்து வாசலில் வந்து நிற்கிறான் என்று நினைத்துவிட்டாள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் புத்தி வேறு பக்கம் போகவே இல்லை. காலையில் மேல் பட்டன் இல்லாமலே தலையைக் குனிந்துகொண்டு அவள் வாசலைக் கடந்தேன். அன்றைக்கே பஜாரில் ஊசியும் பெட்டியும் வாங்கினேன்.

அதன்பின் பெட்டி தானாக வளர்ந்தது. இரண்டு சட்டைப் பட்டன், நான்கு ஊக்கு. தீக்குச்சியில் சுற்றிய பியூஸ் கம்பி. தாளில் மடித்த அரை பிளேடு. தீப்பெட்டி முழுசாக நுழையாது என்பதால் பத்துக் குச்சியும் உரசுகிற பட்டையும் மட்டும். கரெண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் நீளத்துக்குச் சரியாக இருந்தது. சின்னக் குறடு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது, பட்டறையில் கொடுத்துக் கைப்பிடியை வெட்டினேன். சாக்குத் தைக்கும் கோணி ஊசியைக் குறுக்காகப் படுக்க வைத்தேன். மூடி தெறிக்காமலிருக்க சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினேன்.

பெட்டி பேர் வாங்கிவிட்டது. மழை பெய்த கரிசலில் காலை வைத்தால் செருப்பு வார் அறாமல் வராது. ஊக்குக்கு என்னிடம்தான் வருவார்கள். “அண்ணாச்சி, பெட்டியத் தெறங்க” என்பார் வேன் டிரைவர். காம்பவுண்டில் பியூஸ் போனால் என் கதவைத் தட்டுவார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் பெட்டியில் மாத்திரை இருந்தது. போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு வாய் வெந்நீர் கேட்கலாம்தான், கேட்க மாட்டேன். ரொம்பத் தனியாக இருந்தேன், அதை ரோஷம் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. அக்காவின் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் நிரந்தர வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பொழுது சாய்ந்த நேரம், அவள் பாத்திரச் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, பெட்டியைத் திறந்து கோணி ஊசியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வெளக்கு வச்சாச்சே தம்பி. இனிமே ஊசி குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. காலைல தாங்க.”

நான் நீட்டிய கையோடு நின்றேன்.

“அன்னைக்கு நான் கேட்டப்பவும் இதுக்குத்தானா அக்கா?”

“வேற எதுக்கு? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒங்க வீட்டுல சொன்னதில்லையா?” என்றவள், சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்: “மறுநா காலைல வெள்ளை நூலக் கோத்து வச்சிக்கிட்டு வாசல்லயே நின்னேன். நீங்க நிமிந்துகூடப் பாக்கல. அதுக்கப்புறம் பேசவும் இல்ல. நாம என்னத்தத் தப்பாச் சொல்லிட்டோம்னு எங்க வீட்டுக்காரவியகிட்டகூடக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

கோணி ஊசியோடு திரும்பி வந்தேன். பெரிய மானஸ்தன் என்று என்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

விடிந்ததும் சட்டையைப் போட்டு, நன்றாக இருந்த மேல் பட்டனை நானே பிய்த்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு ஊசி வேணும்.”

அவள் பட்டனைப் பார்த்தாள், அதில் தொங்கிய புது நூலையும் பார்த்தாள். தையல்காரிக்குத் தெரியாதா? மிஷினும் ஊசியும் அப்போதே லாரியில் ஏறியிருந்தன.

“ஒங்க பெட்டியக் கொண்டாங்க” என்றாள். கொண்டுபோனேன். வாசலில் உட்கார்ந்து தைத்தாள். தெருவில் லாரி ஹாரன் அடித்தது.

“கீழ இருக்கதும் ஆடுது தம்பி, இறுக்கி விடுதேன்,” என்று அதையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

லாரி போய்விட்டது. காலி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. என் பெட்டியில் எல்லாம் இருந்தது. கேட்பதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.