பத்து விரலுக்கும் உறை

ஜெயினுலாப்தீன் மெஷின் முன் உட்காருவதற்குள் பத்து விரலுக்கும் தோல் உறை மாட்டி முடிக்கிறார். வெட்டிப்போட்ட தோலில் அவரே தைத்துக்கொண்டவை. தாராவியில் கைப்பை தைக்கிற வேறு யாருக்கும் இந்த வழக்கம் இல்லை. அப்படியும் ஊசி ஏறி ஒரு பொட்டு ரத்தம் பையில் பட்டுவிட்டால், அந்தப் பையையே துண்டுதுண்டாகக் கத்தரித்துவிடுவார். பட்டறை முதலாளி மன்சூர் அலி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அனுப்பிவிட மாட்டார். இவ்வளவு நேரான தையலுக்கு அவர் வேறெங்கே போவார்?

போன வருஷம், எண்பத்தேழில், பஸ் ஸ்டாப்பில் எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து இந்தக் கூத்து. தனக்கு வந்துவிடுமோ என்ற பயமென்றால் பேசித் தீர்க்கலாம். பம்பாய்க்கே நோய் தன் ரத்தத்திலிருந்துதான் பரவுகிறது என்பது அவர் முடிவு. ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். "ஜனங்க பயந்துருவாங்கன்னு மாத்தி எழுதியிருக்காங்க" என்றார். எமர்ஜென்சியில், கல்யாணத்துக்கு முன்பு, கருத்தடை ஜீப் தன்னை மட்டும் தேடுகிறதென்று ஒளிந்து திரிந்தவர். ஊர் எதற்குப் பயந்தாலும் அந்தப் பயம் இவரிடம் வந்து குடியேறிவிடும்.

சவரக்கடையில் தனக்குப் போட்ட பிளேடு அடுத்தவர் கன்னத்தில் படுமே என்று சவரத்தையும் விட்டாயிற்று. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். மூன்று வயது நஸீரா "வாப்பா" என்று ஓடிவந்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். மனைவி சபுராதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

மனநல டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி மருந்து மாதம் ஒருமுறை உள்ளே போனால்தான் மனுஷர் ஒரு நிலையில் இருப்பார். இப்போது அதற்கே வந்தது வினை. தன்னைக் குத்திய ஊசியை வெந்நீரில் போட்டெடுத்து இன்னொருவரைக் குத்துவார்களாம்; வர மாட்டேன் என்கிறார். பன்னிரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது. முன்பு ஒருமுறை இப்படித் தவறியபோது, காணாமல்போய், பம்பாயை விட்டு வெகுதூரம் தள்ளி இகத்புரி ஸ்டேஷனில் செருப்பில்லாமல் கிடைத்தார். சபுரா இந்தப் பன்னிரண்டு நாளும் வாசற்படியை அடைத்துப் பாய் விரித்துத்தான் படுக்கிறாள். தூக்கம் எங்கே வருகிறது?

இன்று காலை மருந்துக்கடையில் உறை பிரிக்காத புது ஊசி ஒன்று வாங்கிவந்து அவர் முன் வைத்தாள்.

"இது உங்களுக்கு மட்டுந்தான் மச்சான். போட்ட பெறவு நீங்களே ஒடிச்சுப் போட்டுருங்க."

ஒட்டு எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டறைக் குறடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கிளினிக்கில் கம்பவுண்டர் கோமதிநாயகம் இடுப்பில் மருந்தை ஏற்றி, ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். உறை மாட்டிய விரல்களாலேயே ஜெயினுலாப்தீன் குறடைப் பிடித்து அதை மூன்றாக ஒடித்தார். அப்போதுதான் இடுப்பில் ஒட்டியிருந்த பஞ்சு சிவப்பதைச் சபுரா கண்டாள். அவள் கை நீள்வதை அவர் கண்டார்.

"தொடாத சபுரா. புள்ளைக்கு உம்மாவாவது வேணும்."

சபுரா பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். வெறும் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.