கமலவேணி மேடம் கொண்டுவந்த ஒப்பட்டு

காலை ஷிப்ட் வண்டிகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் டைம் கீப்பர் மஞ்சுநாத் வேகமாக வந்து செல்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆடிட் மேடம் ஹோகிபிட்ரு சார்" என்றார். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். நம் துறையின் வாட்ஸ்ஆப் குழுவில், கமலவேணி மேடம் இறந்துவிட்டார் என்று யாரோ செய்தி போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒரு ஜோடிக் கைகளைப் போட்டேன். போட்ட கையோடு, சூளகிரி அருகே நின்றுபோன வண்டிக்கு மெக்கானிக் போய்ச் சேர்ந்தாரா என்று அதே குழுவில் கேட்டேன். இரண்டுக்கும் நடுவே என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கமலவேணி மேடத்தை நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுப் பேருந்துப் பணிமனைகளில் கணக்கும் நடத்தையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் தணிக்கை அலுவலர் அவர். கல்லாவிப் பக்கத்துக்காரர். கிருஷ்ணகிரியில் தங்கை சுகுணாவோடு வசித்தார். அவருடைய பிரிவு எங்கள் பொது மேலாளருக்குக் கட்டுப்பட்டதல்ல. அறிக்கை நேராகச் சென்னைக்குப் போகும். பொது மேலாளரே அதை எங்களோடு சேர்ந்துதான் படிப்பார். அதனால் அவர் வருகிறார் என்றாலே பணிமனையில் எல்லோரும் பழைய பதிவேடுகளைத் தேட ஆரம்பிப்போம்.

ஓசூர்ப் பணிமனை ஒன்றில் கிளை மேலாளராக நான் பொறுப்பேற்ற புதிதில் அவர் முதல்முறை வந்தார். தணிக்கைக்கு வருகிறவர்களை உபசரிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ரோஜாக் கொத்து, பிரியாணி எல்லாம் தயார். அவர் பூங்கொத்தைக் கையால்கூடத் தொடவில்லை. டீயும் வேண்டாம் என்றார். தண்ணீர் பாட்டிலும் தயிர்சாத டப்பாவும் அவர் பையிலேயே இருந்தன. மதியம் உதிரிபாக அறையில் டயர்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டுத் தனியாகச் சாப்பிட்டார். நான் விடாமல் வற்புறுத்தியபோது, "கோவிச்சிக்காதீங்க சார். வாங்கிட்டா அப்புறம் உங்க மூஞ்ச பாத்து எழுத முடியாது" என்றார்.

நான் லேசில் விடுகிற ஆளா? அந்த ஆண்டு மாம்பழ சீசனில் அவர் ஊருக்குத் திரும்பும் பேருந்தில், அவர் இருக்கைக்கு அடியில் இரண்டு பெட்டி மாம்பழத்தை வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை அதே பெட்டிகள் அதே பேருந்தில் திரும்பி வந்தன. மேலே லக்கேஜ் டிக்கெட் ஒட்டியிருந்தது. பெறுபவர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று குறிப்பு வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் வரவழைத்துக் காசு கட்டிய கதையைச் சொல்லிச் சொல்லி டிரைவர்கள் என்னை ஒரு மாதம் ஓட்டினார்கள்.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றான பிறகு, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்பதில்லை என்று எங்கள் பணிமனை மேல் புகார் வந்தது. விசாரித்ததில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் எழுதி அனுப்பினேன். விசாரணை என்று நான் செய்தது, என் அறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கண்டக்டர்களைக் கேட்டதுதான். அவர்கள் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்று எழுதினேன். நம் துறையில் விசாரணை என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

மேடம் பணிமனைக்கு வரவில்லை. தொரப்பள்ளி போகும் வழியில் உள்ள ஒரு தொழிற்சாலை நிறுத்தத்துக்குப் போய், ஷிப்ட் முடிந்து வந்த பெண்களோடு சாப்பாட்டுப் பையும் கையுமாக நின்றிருக்கிறார். முதலில் வந்த வண்டி நிற்கவே இல்லை. அடுத்தது நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. பெண்கள் ஓடினார்கள். அவரும் ஓடினார். செருப்பு அறுந்துபோக, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். "ஓசிப் பயணத்துக்கு ஆடி அசைஞ்சி வர்றத பாரு" என்று கண்டக்டர் அவரைத்தான் திட்டியிருக்கிறார்.

அன்று மாலை புழுதிக் காலோடு என் அறைக்குள் வந்தார். கண்டக்டர் தொலைந்தான் என்று நினைத்தேன். அவரோ எடுத்த எடுப்பில் என்னைக் கேட்டார். "காலைல மைக்ல என்ன சார் பேசுவீங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன், டீசல் மைலேஜ் குறைந்த டிரைவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து மானத்தை வாங்குவது என் வழக்கம். வண்டியை நிறுத்தி எடுத்தால் டீசல் போகும். ஏறுகிறவர்களிடம் வசூலும் இல்லை என்றால் எந்த டிரைவர் நிறுத்துவான்? மேலிடம் என்னை நெருக்கியது, நான் அவர்களை நெருக்கினேன் என்று சமாதானம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பஸ் ஓடிச்சான்னு கேக்கறதுக்கு உங்க ஆபீஸ்ல நெறைய பேர் இருக்காங்க. நின்னிச்சான்னு கேக்க நான் ஒருத்திதான் சார் இருக்கன்" என்றார்.

அறிக்கையில் டிரைவர், கண்டக்டர் பெயருக்கு முன்னால் என் பெயர் இருந்தது. பார்க்காமலே பதில் எழுதியவன் என்றும், வண்டி நிற்காததற்கு முதல் காரணம் என்றும். எனக்கு மெமோ வந்தது. சம்பள உயர்வு தள்ளிப்போனது. ஒரு வார்த்தையும் பொய்யில்லாத அந்த அறிக்கைக்காக நான் அவர்மேல் நெடுநாள் கருவிக்கொண்டிருந்தேன். மைக்கில் பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். வண்டிகளும் நிற்க ஆரம்பித்தன. அதற்கு மேலிடத்தில் கிடைத்த பாராட்டையும் கூசாமல் நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்தது என் மகள் கல்யாணம். தர்மபுரி வரை எல்லாப் பணிமனைக்கும் பத்திரிகை போனது. மேடத்துக்கு மட்டும் வைக்கவில்லை. எப்படியும் வரமாட்டார், தணிக்கை அலுவலருக்குப் பத்திரிகை வைப்பதே தப்பாகிவிடும் என்று மனைவியிடம் நியாயம் பேசினேன். கோபமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவர் என் மகளின் நலத்தை விசாரித்தபோது அசடு வழிந்துகொண்டே இந்த நியாயத்தை அவரிடமும் சொன்னேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தபடி அவர் சொன்னார்: "வந்திருக்க மாட்டன்தான் சார். ஆனா கூப்ட்டிருக்கலாம்."

நான் எழுத வந்தது இதற்கு அடுத்து நடந்ததைப் பற்றித்தான்.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் எங்கள் பணிமனைக்கு வந்தார். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு. அதுவரை அவர் கட்டி நாங்கள் பார்த்திராத பட்டுச் சேலை. ஓய்வறையில் டிரைவர், கண்டக்டர்கள் கூட்டமாக இருந்தார்கள். வந்தவர் மேசைமேல் தூக்கை வைத்துத் திறந்தார். நெய் மணம். பருப்பு ஒப்பட்டு, மற்ற ஊர்களில் போளி என்பார்கள். "நேத்தோட எல்லாம் முடிஞ்சிது. இன்னிக்கு நான் ஆடிட் இல்ல. நானும் தங்கச்சியும் விடிகாலைல எந்திரிச்சி செஞ்சம். எடுத்துக்கங்க" என்றார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இது ஏதோ சோதனை என்று சிலர் பயந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது குறும்பு. அதற்கு அடியில் மெமோவும் இருந்தது. "வேண்டாங்க மேடம். வாங்கிட்டா அப்புறம் உங்க மூஞ்ச பாத்து பேச முடியாதே" என்றேன்.

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நம் ஊரில் யார் வேண்டாம் என்றாலும் அது முடிவல்ல. இன்னொரு தடவை கேட்பார்கள், அட சும்மா சாப்பிடுங்க என்பார்கள், கையைப் பிடித்து வைப்பார்கள். அதன்பிறகுதான் வாங்குவோம். அவர் இன்னொரு தடவை கேட்பார், முதல் ஒப்பட்டை நானே எடுத்து வாயில் போடுவேன், கேலியும் கணக்கும் தீர்ந்துவிடும் என்றுதான் நான் காத்திருந்தேன். ஆனால் அவர் தன் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே வாழ்ந்தவர். நாங்கள் வேண்டாம் என்றதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். தூக்கை மூடினார். "சரிங்க சார், நீங்க சொல்றதும் நியாயந்தான்" என்றார். மஞ்சுநாத் எழுந்து வழிவிட்டார். மேடம் வாசலைத் தாண்டி, டிக்கெட் எடுத்துப் போகும் வழக்கமான கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

அதன்பின் அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இருமுறை ரத்தச் சுத்திகரிப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டோம். யாரும் போகவில்லை. மேடத்துக்கு யாரும் வீட்டுக்கு வருவது பிடிக்காது என்று நாங்களே ஒரு விதியை அவர் பேரில் எழுதிக்கொண்டோம். நம் எல்லோரிடமும் இலவசப் பாஸ் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு மணிக்கொரு வண்டி விடுவதே நாம்தான்.

எடுக்கும் அன்றும் நான் போகவில்லை. பொது மேலாளர் கூட்டம் இருந்தது. இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது இருந்திருக்கும். மறுநாள்தான் போனேன். சுகுணா அம்மா தனியாக இருந்தார். நான் எந்தப் பணிமனை என்று சொன்னதும் அந்த முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

"நீங்கதானா? உங்க டெப்போவ பத்தித்தான் அக்கா அடிக்கடி சொல்வா. ஒப்பட்டு கொண்டாந்தன்னிக்கு எல்லாரும் அடிச்சி புடிச்சி சாப்ட்டீங்களாமே. பத்தவே இல்லன்னா. மேனேஜர்தான் மொதல்ல எடுத்தாருன்னு சொன்னா."

அந்த அம்மா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தூக்கு வழிச்சாப்ல வந்துச்சி. அடுத்த தடவ கூட கொஞ்சம் செஞ்சிட்டு போவம்னு சொல்லிட்டே இருந்தா. அப்பறம் ஒடம்பு முடியாமப் போச்சி. நல்லா இருந்துச்சுங்களா சார்?"

அந்தத் தூக்கு எங்கே காலியானது என்று எனக்குத் தெரியாது. வழியில் எந்த நிறுத்தத்திலோ, வண்டிக்குக் காத்திருந்தவர்கள் சாப்பிட்டிருக்கலாம். தன் கண்ணால் பார்க்காத ஒன்றை ஒருநாளும் எழுதாத மனுஷி, வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் எங்களைப் பற்றி அப்படி ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறார். எங்களைக் காப்பாற்றவா, தங்கையின் மனம் நோகாமல் இருக்கவா, தன் மானத்துக்காகவா என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவாக இருந்தாலும் அவரைப் பொய் சொல்ல வைத்தவன் நான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சிம்மா" என்றேன். "நான்தான் மொதல்ல எடுத்தன்."

நண்பர்களே, அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். அவர் என்னைப் பற்றி எழுதிய உண்மைக்காக இத்தனை ஆண்டு அவர்மேல் வருத்தப்பட்டேன். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே பொய்யை இனி ஆயுசுக்கும் நான் காப்பாற்ற வேண்டும். சுகுணா அம்மாவை நீங்கள் பார்க்கப் போனால், தயவுசெய்து நீங்களும் சாப்பிட்டதாகவே சொல்லுங்கள்.