மதிலில் தொங்குகிற வீரன்

லிப்ட்காரரின் இடது கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது. வலது கை புத்தகத்தை விடுவதில்லை. கதவு மூடி லிப்ட் அசைந்ததும் அவர் கண் விட்ட வரிக்குத் திரும்பிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மாடிகளுக்கு நடுவே அரைப் பக்கம் ஓடும். ஸ்ட்ரெச்சர் ஏறினால் மட்டும் புத்தகம் கக்கத்துக்குப் போகும். படுத்திருப்பவரைப் பார்த்து, "பயப்படாதீங்க, மெதுவாத்தான் ஏத்துவேன்" என்பார்.

"தளபதி, நாலாவது மாடி தாண்டிட்டீங்க!" என்று நர்ஸ் ஒருத்தி கத்துவாள்.

"அங்க ஒருத்தன் மதில்ல தொங்கிட்டிருக்கான் சிஸ்டர், கீழ அகழி. நாலாவது மாடி எங்கயும் ஓடிப்போயிடாது."

தளபதி என்பது நர்ஸ்கள் கேலிக்கு வைத்த பெயர். அவருக்குக் கோபமில்லை, கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துகூட நிற்பார். துணி வெளுக்கும் அடித்தளம் அவர் பாஷையில் சுரங்கம், மொட்டைமாடி கொத்தளம். குதிரையை அவர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "நான் ஏறினது இது ஒண்ணுதான். இதுவும் கட்டிப்போட்ட குதிரை" என்று லிப்டின் சுவரைத் தட்டிக்கொடுப்பார்.

கையிலிருக்கும் அந்தச் சரித்திர நாவல் நான்கு பாகம். மீசை முளைக்காத வயதில் பிடித்த பைத்தியம். அதன் வீரன் எந்தப் பக்கத்தில் வாளை உருவுவான் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். மனைவிக்குக் கதையென்றாலே கொட்டாவி. ஆனால் வேறு நாட்டுக்கு, ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் கிளம்பியபோது, "விடுமுறைக்கு விடுமுறை போன்ல ஒரு அத்தியாயம் படிக்கிறேன். கதை முடியறதுக்குள்ள நீ வந்துடுவே" என்றார். சொல்லிவிட்டுத் தலையணைமேல் கிடந்த அவளுடைய கொண்டை ஊசியை எடுத்து முதல் பாகத்தில் அடையாளமாகச் செருகினார்.

தொடக்கத்தில் "உங்க குதிரைக்காரன் செத்தானா, இருக்கானா?" என்று சீண்டியவள், போகப்போக அவனுக்காகச் சண்டை பிடித்தாள். கோட்டைக் காவலன் ஒருவன் அவனைப் பின்னாலிருந்து குத்தியபோது, "பேடிப்பய! நேர்ல வரச் சொல்லுங்க" என்றாள்.

இப்போது ஊசி நான்காம் பாகத்தின் கடைசியில் இருந்தது. மிச்சம் ஒரே அத்தியாயம். அதில் அவன் மதிலிலிருந்து குதிப்பான், அகழியை நீந்துவான். வீட்டு வாசலில் ஒருத்தி விளக்கோடு நிற்பாள். மனைவி ஊருக்கு வந்து, எதிரே உட்கார்ந்து கேட்கட்டும் என்று அதைத் தொடாமலே வைத்திருந்தார். அந்த விடுமுறை மதியம் போனில் அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. அந்தம்மா என் கையை விடமாட்டேங்குதுங்க. சரின்னுட்டேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"கேக்குதா? என்னங்க?"

"கேக்குது."

"சரி, படிங்க. குதிச்சானா இல்லையா?"

"நீ வா. அப்புறம் குதிப்பான்."

"அதுவரைக்கும் தொங்கிட்டே இருப்பானா? கை வலிக்காது?"

"வலிக்கும். தாங்குவான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்; பாதியில் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்போ இன்னிக்கு என்னத்தைப் படிப்பீங்க?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அவர் அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்துத் தூசி ஊதினார். நான்காம் பாகத்திலிருந்து கொண்டை ஊசியை மெல்ல உருவி, வீரன் ஊரைவிட்டுக் கிளம்பக் குதிரைக்குச் சேணம் பூட்டுகிற முதல் பக்கத்தில் செருகினார்.